ஆசிரியர் இல்லத்தின் சாளரங்கள்

2001ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே, இருள் சூழ்ந்தபின் பேர்லின் நகரின் அலெக்சாண்டர் சதுக்கத்தைக் கடந்து சென்ற ஒருவர், அங்கு நின்ற பன்னிரண்டு மாடிக் கட்டடமொன்று பந்தாடிக்கொண்டிருப்பதைக் கண்டு திகைத்து நின்றிருப்பார். கட்டடத்தின் மேல் எட்டு மாடிகளிலும் சாளரங்கள் எரிந்தும் அணைந்தும் கொண்டிருந்தன. ஒளிப்புள்ளியொன்று ஒரு புறமிருந்து மறு புறம் ஓடியது. அங்கே செங்குத்தாய் நின்ற ஒளிக்கோடு அதனைத் தடுத்துத் திருப்பியனுப்பியது. சட்டைப்பையிலிருந்த கைத்தொலைபேசியை எடுத்து அவர் குறித்த இலக்கமொன்றை அழைத்தாராயின், அக்கோடுகளுள் ஒன்று அவருடையதாயிற்று. எண் விசையொன்றை அழுத்தக் கோடு மேலேறும்; வேறொன்றை அழுத்தக் கீழிறங்கும். எதிராளி கணினி. இன்னொருவரும் அழைத்துவிட்டால், முன்பின் அறியாத அவ்விருவரும் சதுக்கத்திலே நின்றபடி, ஐம்பத்து நான்கு மீற்றர் உயரமான கட்டடத்தைத் தம் ஆடுகளமாக்கிக் கொள்ளலாம்.

இக்காட்சியை நாம் நேரிற் கண்டவரல்லோம், ஒளிப்பதிவுகளிலேயே கண்டோம். ஆயினும் அதன் சரித்திரத்தை எமது வாசகர் முன் வைக்க விரும்புவதற்குக் காரணம் உண்டு. அக்கட்டடத்தின் பெயர் ஆசிரியர் இல்லம். ஆசிரியர்களுக்கென ஓர் அரசு எழுப்பிய மாளிகை அது. இஃதொன்று. மற்றொன்று, இன்று எமது மாணாக்கரின் கைகளிலெல்லாம் விளையாட்டை இயக்கும் கைப்பிடியாகக் கைத்தொலைபேசி விளங்குகின்றதைக் காண்கின்றோம். இதனை அறிவியலின் இயல்பான வளர்ச்சி என்று கூறி அமைந்துவிடுவாருளர். அறிவியல் தானே ஒரு திசையிற் செல்வதில்லை, செலுத்துவோர் இருக்கின்றனர். ஒரே நாட்டில், ஒரே மாதத்தில், அதே தொலைபேசி விசை இரு வேறு திசைகளிற் செலுத்தப்பட்ட கதையையே நாம் இங்கு கூற முற்படுகின்றோம்.

முதலில் அவ்வில்லத்தைப் பற்றிச் சில சொல்லவேண்டும். அவ்விடத்திலே 1908ஆம் ஆண்டு தொட்டே பேர்லின் ஆசிரியர் சங்கத்தின் கட்டடமொன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அது அழிந்தது. போரின்பின் நகரின் அப்பகுதி ஜேர்மன் ஜனநாயகக் குடியரசின் தலைநகராயிற்று. 1961க்கும் 1964க்கும் இடையில், ஹேர்மன் ஹென்சல்மன் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி புதிய ஆசிரியர் இல்லம் எழுந்தது. கல்வியியல் நூல்நிலையம், கூட்ட அறைகள், உணவகம் என ஆசிரியர் கூடிப் பேசவும் படிக்கவும் வேண்டிய வசதிகள் அதிலே அமைந்தன. ஒரு நாட்டின் தலைநகரிலே, மிக முக்கியமான சதுக்கத்தின் ஓரத்திலே, வங்கிக்கன்றி ஆசிரியருக்கு உயர்ந்த மாளிகை எழுந்தமையை நாம் இலேசாகக் கருதிவிடலாகாது. சம்பளப் படிவத்திற் கையொப்பமிடுவதற்கு மேசை தேடும் எம் போன்றோர்க்கு அது கனவு போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

அக்கட்டடத்தின் இடுப்பிலே பட்டி கட்டியது போல ஒரு மொசைக் சித்திரம் சுற்றிச் செல்கின்றது. வால்ரர் வொமாக்கா என்னும் ஓவியரின் படைப்பு. உயரம் 7 மீற்றர்; சுற்றளவு 125 மீற்றர்; ஏறத்தாழ 800,000 சிறு துண்டுகளாலானது. 'எமது வாழ்வு' என்பது அதன் பெயர். தொழிலாளியும் விஞ்ஞானியும் தாயும் குழந்தையும் அதிலே இருக்கின்றனர். சித்திரத்தின் பின்னே சாளரமில்லாத மாடிகளில் நூல்நிலையத்தின் நூல்கள் அடுக்கப்பட்டிருந்தன.

சித்திரம் அழகியதே. ஆயினும் ஒரு குறையை நாம் சொல்லாது விடுதல் நேர்மையன்று. 'எமது வாழ்வு' என்று பெயர் பெற்ற அச்சித்திரத்தில், சதுக்கத்திலே நடந்து சென்ற மனிதர் ஒரு துண்டையேனும் இடம் மாற்றியிருக்க முடியாது. அவர்களுடைய வாழ்வு அவர்களுக்காக வரையப்பட்டது, அவர்கள் பார்ப்போராயினர். 1969இல் அருகே தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது. அதுவும் பேசியது, கேட்கவில்லை. மேற்குப் புறத்திலும் ஒலிபரப்பு ஒருவழிப் பாதையாகவே இருந்தது.

இக்குறையை இதே நகரில் வாழ்ந்த ஒருவர் முன்னரே கண்டிருந்தார். நாடகாசிரியர் என்ற வகையில் எமது வாசகர் நன்கறிந்த பேர்டோல்ற் பிறெக்ற் தான் அவர். 1932ஆம் ஆண்டில் வானொலி பற்றி ஆற்றிய உரையிலே, வானொலியைப் பங்கீடு செய்யும் கருவியாக வைத்திருத்தல் போதாது, கேட்பவன் பேசவும் இடந்தருகின்ற தொடர்புக் கருவியாக அதனை மாற்றவேண்டும் என்னும் கருத்தை வற்புறுத்தினார். வெறுங் கருத்தோடு அவர் நிற்கவில்லை. 1929இல் பாடன்-பாடன் இசைவிழாவிலே, அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே பறந்து கடந்த லிண்ட்பேர்க்கைப் பற்றிய வானொலிப் படைப்பை அவர் அரங்கேற்றியபோது, மேடையின் ஒரு புறத்தில் வானொலியின் பாடகரும் வாத்தியக்காரரும் அமர, மறு புறத்தில் 'கேட்பவர்' ஒருவர் நின்று விமானியின் பகுதியைத் தாமே பாடினார். வீட்டிலே வானொலிக்கு முன் இருப்பவன் என்ன செய்யவேண்டும் என்பதற்கு அஃது ஒரு மாதிரி. ஆயின் வீட்டிலிருப்பவனின் குரல் வானொலி நிலையத்துக்குத் திரும்பிச் செல்ல வழி? அன்றைக்கு அது இல்லை. அவ்வழி பின்னர் தொலைபேசியினூடாகவே வந்தது. அதுவும் எவரும் எண்ணிப்பாராத வகையில் வந்தது.

பழைய தொலைபேசியின் சுழல் வட்டை எமது வாசகருட் பலர் கையாண்டிருப்பர். அதனைச் சுழற்றும்போது மின்னோட்டம் விட்டுவிட்டு அறுபடும். அத்துடிப்புக்களைத் தொலைபேசி நிலையம் எண்ணிக்கொள்ளும். நிலையத்தோடு அவற்றின் வேலை முடிந்தது. மறுமுனைக்கு அவை செம்மையாகச் செல்லா. 1963 நவம்பர் 18ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துச் சிற்றூர்கள் இரண்டில் விசைத் தொலைபேசியொன்று மக்களுக்கு வழங்கப்பட்டது. அதிலே ஒவ்வொரு விசையும் இரண்டு ஒலிகளை ஒருங்கே எழுப்பும். விசைகளின் கிடை வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரு தாழ்ந்த சுருதி. நெடு வரிசை ஒவ்வொன்றுக்கும் ஓர் உயர்ந்த சுருதி. 5ஐ அழுத்தினால் வினாடிக்கு 770 அதிர்வும் 1336 அதிர்வும் கொண்ட இரு சுருதிகள் இணைந்தொலிக்கும். மனிதக் குரல் தற்செயலாய் அவ்விணைப்பை எழுப்பிவிடுதல் அரிது என்பதனாலேயே இரண்டு வேண்டியதாயிற்று. தொலைபேசிக் கொம்பனி நாடியது விரைவாக இலக்கம் சுழற்றும் வசதியை மாத்திரமே. ஆனால் குரல் செல்லும் வழியிலேயே இவ்வொலிகளும் செல்வன ஆதலின், அழைப்பு இணைந்த பின்னரும் விசையை அழுத்தலாம். மறுமுனையிலுள்ள பொறி அதனைக் கேட்டறியலாம். பேசுவதற்கென வாங்கிய கருவி, தூரத்திலுள்ள ஒரு பொறியை இயக்கும் கைப்பிடியாகவும் ஆகிவிட்டது. கைத்தொலைபேசியில் ஒலியைத் தொலைபேசி தானே எழுப்புவதில்லை. விசையை அழுத்திய செய்தி வலையமைப்புக்குச் சென்று அங்கிருந்தே ஒலி எழுப்பப்படுகின்றது என்பர். பயன்படுத்துவோர்க்கு வேறுபாடு தெரியாது.

பார்வையாளரை விளையாட்டில் இறக்கும் ஆசை தொலைபேசிக்கு வெளியிலும் வளர்ந்தது. 1967இல் மொன்றியல் உலகக் கண்காட்சியிலே செக்கோசிலவாக்கியா ஒரு சினிமாவைக் காட்டியது. ரடூஸ் சின்சேரா என்பவர் உருவாக்கிய அப்படமாளிகையில் 127 ஆசனங்கள். ஒவ்வொன்றிலும் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும். கதை ஒரு திருப்பத்தை அடையும்போது படம் நிற்கும். கதாநாயகன் என்ன செய்யவேண்டும் என்று சபையார் வாக்களிப்பர். பெரும்பான்மையின்படி கதை செல்லும். சபையாருக்குக் களிப்பு. ஆயின் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கதை சுற்றிச்சுற்றி ஒரே முடிவுக்கே வந்து சேருமாறு அமைக்கப்பட்டிருந்தது. வீடு எரிந்தே தீரும். வாக்களிப்பைக் கேலி செய்யும் அந்நகைச்சுவையைப் பின்னாளில் அந்நாட்டு ஆட்சியாளர் சுவைக்கவில்லை; 1970களின் தொடக்கத்தில் அது அங்கே நிறுத்தப்பட்டது. பொத்தான் கையில் இருப்பதனால் மாத்திரம் முடிவு கையில் இருப்பதாகாது என்பதை அன்றே அக்கலைஞர் கண்டுகொண்டார் எனலாம்.

தொலைபேசி விசையே ஆட்டத்தின் கைப்பிடியானது 1990இல், டென்மார்க்கில். ஹூகோ என்னும் குட்டிப் பூதம் சூனியக்காரியிடமிருந்து தன் மனைவியையும் பிள்ளைகளையும் மீட்கப் புறப்படுகின்றது. வீட்டிலிருந்து அழைக்கும் ஒரு சிறுவன் தன் தொலைபேசியின் விசைகளை அழுத்த, தொலைக்காட்சித் திரையில் ஹூகோ பாய்கின்றது, விலகுகின்றது. நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு இந்நிகழ்ச்சி பரவியது. வீட்டில் சுழல் வட்டுத் தொலைபேசி வைத்திருந்த பிள்ளைக்கு அதில் இடமில்லை. தொலைபேசியே இல்லாத பிள்ளையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஒருவன் ஆட, ஏனையோர் இணைப்புக்காகக் காத்திருந்தனர். காத்திருக்கும் இவ்வரிசையே பின்னர் ஒரு வியாபாரத்தின் மூலதனமாயிற்று. அதற்கு வருவோம்.

மீண்டும் பேர்லினுக்குச் செல்வோம். 1989 நவம்பர் 4ஆம் திகதி அலெக்சாண்டர் சதுக்கத்திலே இலட்சக்கணக்கானோர் கூடிப் பேச்சுரிமையும் நேர்மையான தேர்தலும் கோரினர். ஐந்து நாளில் மதில் திறந்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் அக்குடியரசே இல்லாமற் போயிற்று. கிழக்கு ஜேர்மனியின் ஆசிரியர் விசாரணைக்கும் பரிசீலனைக்கும் உட்பட்டனர், வேலையிழந்தோர் பலர். இல்லத்தை எழுப்பிய அரசு இல்லை. அதனைத் தமதென்று கொண்டாடிய ஆசிரியர் சமூகம் சிதறிப்போயிற்று. 2001ஆம் ஆண்டளவில் பெரும் திருத்த வேலைகளை எதிர்நோக்கி மாளிகை வெறுமையாய் நின்றது. பழைய உடைமையாளர் போய்விட்டனர். புதிய வாடகைக்காரர் இன்னும் வரவில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட சில மாதங்களே வீதியிற் செல்வோருக்கு அக்கட்டடத்தைக் கொடுத்தன என்பதே எமது துணிபு. அரசு உறுதியாயிருந்த காலத்தில் அது கிடைத்திராது. சந்தை உறுதியான பின்னரும் கிடைத்திராது.

அந்த இடைவெளியினுள்ளே புகுந்தோர் கேயோஸ் கொம்பியூட்டர் கிளப் என்னும் கணினி ஆர்வலர் சங்கத்தினர். 1981 செப்டம்பரில், மேற்கு பேர்லினிலே ஓர் இடதுசாரிப் பத்திரிகையின் அலுவலகத்திற் கூடித் தொடங்கிய சங்கம் அது. 1984இல் தபாற் திணைக்களத்தின் தொலைபேசி வழித் திரைச்சேவை பழுதற்றது என்று அதிகாரிகள் கூறிக்கொண்டிருந்தபோது, இச்சங்கத்தினர் அதனூடாகவே ஹம்பேர்க் சேமிப்பு வங்கியொன்றின் கணக்கிலிருந்து ஒரே இரவில் 130,000 மார்க்குக்கு மேல் தமது கணக்கிற் சேர்த்துக் காட்டி, பத்திரிகையாளரை அழைத்து விடயத்தை வெளியிட்டுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தனர். அவர்கள் எத்தகையோர் என்பதற்கு இச்சம்பவம் போதும்.

தமது சங்கத்தின் இருபதாம் ஆண்டு நிறைவுக்கு நகரத்துக்கு ஒரு பரிசளிக்க அவர்கள் எண்ணினர். மேல் எட்டு மாடிகளின் முன்புறச் சாளரங்களுக்குப் பின்னே, மாடிக்கு 18 ஆக 144 விளக்குகளை வைத்தனர். ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே எரிக்கவும் அணைக்கவும் ஒரு கணினியோடு இணைத்தனர். 144 புள்ளிகளாலான திரை! இன்று மலிவான கைத்தொலைபேசியின் திரையிலே பத்து இலட்சம் புள்ளிகள் உண்டு. ஆனால் அத்திரையை ஒருவர் பார்ப்பார். இத்திரையை ஒரு சதுக்கம் முழுவதும் பார்த்தது. தொண்டர்கள் தம் கைகளாலேயே மாடி மாடியாகக் கம்பியிழுத்து முடித்த வேலை இது. 2001 செப்டம்பர் 11ஆம் திகதி இரவு, உலகின் கண்களெல்லாம் நியூயோர்க்கின் இடிந்த கோபுரங்களின்மீது குத்தி நின்ற வேளையில், இங்கே விளக்குகள் எரியத் தொடங்கின.

'பிளிங்கன்லைற்ஸ்' என்று அதற்குப் பெயரிட்டனர். அப்பெயருக்கு ஒரு கதை உண்டு. 1950களிலே கணினிகள் அறைகளை நிறைக்கும் இராட்சதப் பொறிகளாயிருந்த காலத்தில், ஆங்கிலம் பேசும் நாடுகளின் கணினி அறைகளில் ஜேர்மன் மொழியைக் கேலி செய்யும் போலி ஜேர்மனில் எழுதப்பட்ட அறிவித்தலொன்று தொங்கிற்று. வேடிக்கை பார்க்க வந்தோர் கைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மினுங்கும் விளக்குகளைப் பார்த்தபடி நிற்கவேண்டும், எதனையும் தொடலாகாது என்பது அதன் பொருள். தொடாதே என்று சொன்ன அறிவித்தலிலிருந்து பெயரை எடுத்து, தொடு என்று சொல்லும் கட்டடத்துக்கு இவர்கள் சூட்டினர். சட்டைப்பையினுள் இருந்த கை வெளியே வந்தது. கையோடு தொலைபேசியும் வந்தது.

ஆடப்பட்ட ஆட்டம் 'பொங்'. 1972இல் அமெரிக்காவின் அற்றாரி நிறுவனம் காசு போட்டு ஆடும் பெட்டியாக மதுச்சாலைகளில் வைத்த அதே ஆட்டந்தான். அதனோடு வேறொன்றும் இருந்தது. வீட்டுக் கணினியில் அசையும் சித்திரங்களை ஆக்குவதற்கு ஒரு மென்பொருளைச் சங்கத்தினர் யாவர்க்கும் வழங்கினர். வந்து குவிந்த சித்திரங்கள் இரவுதோறும் கட்டடத்தில் ஓடின. காதற் கடிதமும் எழுதலாம். எழுதி அனுப்பியவருக்கு ஓர் இரகசிய இலக்கம் கிடைக்கும். காதலியைச் சதுக்கத்துக்கு அழைத்து வந்து, தொலைபேசியில் அவ்விலக்கத்தை அழுத்தியதும் எட்டு மாடி உயரத்தில் அவள் பெயர் ஓடும். ஆசிரியர் இல்லத்துக்கு இது தகுமா என்று முகஞ்சுழிக்கும் மூத்த ஆசிரியர் எம்மிடையே இருக்கலாம். வகுப்பறை மேசைகளிற் கவராயத்தாற் செதுக்கப்பட்டிருக்கும் பெயர்களை அவர்கள் நினைத்துப்பார்க்க.

இதனைக் காசின் உலகுக்கு அப்பாற்பட்ட புனித காரியமாக்க நாம் முயலவில்லை. தொலைபேசியில் அழைத்தோர் கட்டணம் செலுத்தியே அழைத்தனர். கைத்தொலைபேசி வைத்திருந்தோர்க்கே ஆட்டம் கிட்டியது. ஆயின் அழைப்பின் பயன் சதுக்கத்திலே அனைவர் கண்முன்னும் நிகழ்ந்தது. யார் உள்ளே வந்தார், யார் வென்றார், எவ்வாறு வென்றார் என்பதில் மறைவு எதுவுமில்லை. பரிசும் இல்லை.

இனி மற்றக் கதை. விளக்குகள் எரிவதற்குப் பத்து நாள் முன்னர், 2001 செப்டம்பர் 1ஆம் திகதி, அதே ஜேர்மனியிலே '9லைவ்' என்னும் தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கியது. விளம்பரங்களை நம்பாது, பார்ப்போரின் தொலைபேசி அழைப்புக்களையே வருமானமாகக் கொண்ட அலைவரிசை அது. திரையிலே ஒரு புதிர். பெரும்பாலும் சிறுபிள்ளையும் அவிழ்க்கக்கூடியது. விடை தெரிந்தோர் அழைக்கலாம், பணம் வெல்லலாம். அறிவிப்பாளர் ஓயாது கூவுவார். நேரம் முடிகின்றது என்பார். ஏன் ஒருவரும் அழைக்கவில்லை என்று வியப்பார். யூரோ நாணயம் வந்தபின் ஓர் அழைப்புக்கு 49 சென்ற். அழைத்தோரில் மிகப் பெரும்பாலானோர் கேட்டது, இம்முறை கிட்டவில்லை என்று கூறும் பதிவுசெய்த குரலை. அதைக் கேட்டதற்கும் 49 சென்ற். நிகழ்ச்சியினுள் எவரை எப்பொழுது எடுப்பது என்பதை நிர்ணயித்த பொறி பார்ப்போர் கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் இருந்தது.

ஹூகோவுக்காகக் காத்திருந்த பிள்ளைகளின் வரிசையை நாம் மேலே குறிப்பிட்டோம். 9லைவ் கண்ட உண்மை எளியது: ஆடுபவனைவிடக் காத்திருப்பவனே இலாபந் தருவான். ஆடுபவன் ஒருவன், காத்திருப்போர் ஆயிரமாயிரம். ஒருவனுக்குக் கொடுக்கும் பரிசை ஏனையோரின் சில்லறையே ஈடுசெய்யும், மிச்சம் பெட்டிக்குள். பகல் வேளையில் வீட்டிலிருக்கும் வேலையற்றோரும் முதியோரும் தனித்திருப்போருமே இத்தகைய நிகழ்ச்சியின் முன் நீண்டநேரம் இருப்பர் என்பதை ஊகிக்கப் பெரும் ஆராய்ச்சி வேண்டுவதில்லை. 2009இல் விதிகள் இறுக்கப்பட்டன. 2011இல் அலைவரிசை மூடப்பட்டது. பத்தாண்டுக் காலம் அது நடந்தது. சதுக்கத்து விளக்குகள் எரிந்ததோ ஒரு மாரிகாலத்தின் இருபத்துமூன்று வாரம்.

பிரித்தானியாவிலும் இதே நோய் கண்டது. அங்கே மேற்பார்வைச் சபையான ஒவ்கொம் 2007 செப்டம்பரில் ஜீஎம்ரீவி நிறுவனத்துக்கு 20 இலட்சம் பவுண் தண்டம் விதித்தது. காலை நிகழ்ச்சியின் போட்டிகளில், தெரிவு முடிந்த பின்னரும் அழைப்புகள் ஏற்கப்பட்டன. அழைத்தோர் வெல்ல வழியே இல்லாத போட்டிக்குப் பணம் செலுத்திக்கொண்டிருந்தனர். அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஐரீவி நிறுவனத்துக்கு 56 இலட்சத்து 75 ஆயிரம் பவுண். எம்மை அதிகம் உறுத்துவது சிறிய தண்டமொன்று: 2007 யூலையில் பிபிசிக்கு விதிக்கப்பட்ட 50,000 பவுண். 'புளூ பீற்றர்' என்னும் சிறுவர் நிகழ்ச்சியிலே தொலைபேசிகள் பழுதாகி அழைப்புகள் உள்ளே வராதபோது, ஒலிபரப்பு நிலையத்தைப் பார்க்க வந்திருந்த ஒரு பிள்ளையை வேறெங்கோ இருந்து அழைத்து வென்றவர் போல நடிக்க வைத்தனர். அது இலாபத்துக்காகச் செய்யப்பட்டதன்று என்பதை ஒப்புக்கொள்வோம். நிகழ்ச்சி நிற்கலாகாது என்ற பதற்றத்திற் செய்தது. எனினும் வீடுகளில் விசையை அழுத்திக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அன்று கூறப்பட்டது பொய்.

இரண்டு கதைகளிலும் விசை ஒன்றே. அது எழுப்பும் இரு சுருதிகளும் ஒன்றே. திரை யாருடையது, அழுத்தலை எண்ணுபவன் யார், எண்ணுவதை மற்றையோர் காண முடிகின்றதா என்பவற்றிலேயே வேற்றுமை பிறந்தது. மொன்றியலில் எரிந்த வீட்டை இங்கு நினைவுகூர்தல் தகும்.

பேர்லினில் மூண்ட சுடர் வேறு நகரங்களுக்கும் சென்றது. 2002 ஒக்டோபரில் பாரிஸ் நகரம் தன் 'வெண்ணிரவு' விழாவுக்கு அதே சங்கத்தினரை அழைக்க, பிரான்சு தேசிய நூல்நிலையத்தின் கோபுரங்களுள் ஒன்று திரையாயிற்று. திறந்த புத்தகத்தின் வடிவில் எழுந்த கோபுரம் அது, 520 சாளரங்கள், ஒளியிலும் பல படிகள். கைத்தொலைபேசியால் அங்கே டெட்ரிஸ் போன்ற ஆட்டங்களை ஆடினர். 2008இல் ரொறன்ரோ நகர மண்டபத்தின் இரு கோபுரங்களில் 960 சாளரங்கள். இவை விழாக்கள், நகரசபைகள் அழைத்து நடத்தியவை. எண்ணிக்கை பெருகிற்று. பேர்லினில் வெறுங் கட்டடமொன்றினுள் புகுந்த துணிச்சல் இவற்றில் இருந்ததாகக் கூற முடியாது.

இதனிடையே தொலைபேசியே மாறிவிட்டது. 2007இன் பின் விசைகள் மறைந்து கண்ணாடி வந்தது. கண்ணாடிக்குப் பின்னே முழுக் கணினி வந்தது. சுருதிகளுக்கு வேலையில்லை, இணையத்தினூடாகவே அழுத்தல் செல்கின்றது. 2014இல் வெளிவந்த ஜாக்பொக்ஸ் ஆட்டத் தொகுதியிலே, வீட்டுத் தொலைக்காட்சியில் நான்கு எழுத்துக்கள் தோன்றும். விருந்தினர் ஒவ்வொருவரும் தத்தம் தொலைபேசியில் அவ்வெழுத்துக்களைப் பதிந்தால் ஆட்டத்தினுட் சேர்வர். ஆட்டத்தை வாங்கவேண்டியவர் வீட்டுக்காரர் ஒருவரே. தனியே குனிந்து தத்தம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோரை ஒரு திரைக்கு முன் கூட்டிச் சிரிக்க வைத்தமையை நாம் வரவேற்கலாம்.

ஆசிரியராகிய எம்மை நேரே தொடுவது நோர்வேயிற் பிறந்த வேறொன்று. 2006இல் துறொண்ட்ஹைம் நகரின் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் ஆல்ஃப் இங்கே வாங் என்பவர், மாணவர் தம் தொலைபேசியாலும் கணினியாலும் விரிவுரை வினாக்களுக்கு விடையளிக்கும் ஒரு மாதிரியை அமைத்தார். அதன் வழியில் வந்த 'கஹூட்' 2013இல் உலகுக்குத் திறக்கப்பட்டது. வினா பெருந்திரையில், நான்கு நிறங்களில் நான்கு விடை, தொலைபேசியில் நிறத்தைத் தொட வேண்டும். உலகெங்கும் வகுப்பறைகள் அதனை வாரியணைத்தன. 2023இல் கோல்ட்மன் சாக்ஸ் முதலீட்டு வங்கியைச் சார்ந்தோரின் தலைமையிலான கூட்டு அந்நிறுவனத்தை வாங்க முன்வந்து, பின்னர் வாங்கியும் கொண்டது. பல்கலைக்கழக விரிவுரையொன்றில் தொடங்கிய வினாப் பலகை இவ்வாறு முதலீட்டாளர் கைக்குச் சென்றது.

கஹூட்டிலே சரியான விடைக்கு மாத்திரமன்றி விரைவுக்கும் புள்ளி உண்டு. 2020, 2021ஆம் ஆண்டுகளில் தொற்றுநோயாற் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, தொலைபேசி வழியே பாடம் நடத்திய எம் போன்றோர் அறிந்த செய்தியொன்றை இங்கு சேர்க்கவேண்டும். ஒரு வீட்டில் ஒரு தொலைபேசி. அதுவும் தகப்பன் வேலையால் வந்த பின்னரே பிள்ளையின் கைக்கு வரும். அலை கிடைப்பதற்கு வளவின் மூலைக்குச் செல்லவேண்டும். விரைவைப் புள்ளியாக்கும் ஆட்டத்தில் இப்பிள்ளையின் அறிவு அளக்கப்படுவதில்லை. அவன் வீட்டின் வருமானமே அளக்கப்படுகின்றது. பின்னர் பாடசாலை திறந்தபோது, எமது தொலைபேசியோடு சக ஆசிரியர் இருவரின் தொலைபேசிகளையும் இரவல் பெற்று, வகுப்பை மூன்று குழுவாக்கி, நேரக் கணக்கை நிறுத்திவிட்டு ஒருமுறை ஆடிப் பார்த்தோம். ஒரு தொலைபேசியைச் சுற்றிப் பதின்மூன்று தலைகள். ஆகுபெயரா அன்மொழித்தொகையா என்று அழுத்துமுன் அவர்கள் போட்ட சண்டையிலே பாடவேளை முடிந்துவிட்டது. பத்து வினாவில் நான்கே நிறைவேறின. அடுத்த வகுப்பிலிருந்து முறைப்பாடும் வந்தது. மறுநாளும் அது வேண்டும் என்றனர் பிள்ளைகள். விசையை அழுத்தியது யார் என்பதை எவரும் கேட்கவில்லை.

பேர்லினில் 2002 பெப்ரவரி 23ஆம் திகதி இரவு விளக்குகள் அணைந்தன. திருத்த வேலைகள் தொடங்கின. 2003 டிசம்பரில், சங்கத்தின் இருபதாவது ஆண்டு மாநாட்டையொட்டி, புதுப்பொலிவு பெற்றுவந்த கட்டடத்திலே சில நாட்கள் அவை மீண்டும் எரிந்தன. அந்த ஆண்டிலிருந்து 2011 வரை, இல்லத்தோடு ஒட்டி நிற்கும் காங்கிரஸ் மண்டபத்திலேயே சங்கத்தினர் ஆண்டுதோறும் கூடினர். பின்னர் கூட்டம் பெருகவே வேறு நகரத்துக்குச் சென்றனர். கல்வியியல் நூல்நிலையத்தின் நூல்கள் கல்விச் சரித்திர ஆராய்ச்சிக்கான நூல்நிலையமொன்றிற் சேர்ந்துள்ளன. கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னம். ஆகையால் வொமாக்காவின் சித்திரம் இன்றும் அதன் இடுப்பைச் சுற்றியிருக்கின்றது. மேல் மாடிகளில் இப்போது அலுவலகங்கள். பெயர் மாத்திரம் மாறவில்லை. ஆசிரியர் இல்லம் என்றே அதனை அழைக்கின்றனர்.